சீப்பை மறந்துவிட்டோம்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் என் தங்கையின் தலைக்கு ரசம் வைத்தோம்.

இலைக்கு அல்ல ஐயா, தலைக்கு! புளியைக் கரைத்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, புளித்த மோரையும் கொட்டி... பெருங்காயமும் கறிவேப்பிலையும்தான் பாக்கி. பேச்சியை முற்றத்தில் உட்கார வைத்து, ஆத்தா அந்தக் கரைசலை ஊற்றி ஊற்றித் தேய்த்தாள். பேச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எரியுது ஆத்தா, எரியுது ஆத்தா" என்று கத்தினாள்.

"தாளிக்க மறந்துட்டியே ஆத்தா" என்றேன் நான்.

"வாய மூடுறா எடுபட்ட பயலே. போயி மாட்டைப் பூட்டு. வைகைக்குப் போகணும்."

எங்கள் வில்லாபுரத்தில் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். டவுனில் இருந்து படிக்கிற நீங்கள்தான் விழிப்பீர்கள். உங்களுக்கென்ன, முனிசிபாலிட்டிக் குழாயைத் திருகினால் நல்ல தண்ணீர். எங்களுக்கோ கிணறு. கிணற்றில் தண்ணீர் உண்டு, வற்றாமல் உண்டு. ஆனால் உப்பு!

அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. காய்ச்சுகிற பானையின் அடியில் ஆடை மாதிரி வெள்ளை படியும். தலைக்குக் குளித்தாலோ கேட்கவே வேண்டாம். முடி காயாது, விறைக்கும். சீயக்காய் நுரைக்காது. ஒரு தடவை நான் டவுனிலிருந்து வாசனைச் சோப்பு வாங்கி வந்து என் கிராப்பில் தேய்த்தேன். நுரை வரவில்லை... தயிர் வந்தது! திரிதிரியாகத் தலை பூராவும். அன்றைக்கு முழுதும் என் கிராப்பு எந்தக் காற்றுக்கும் அசையவில்லை.

டவுனில் எனக்கு முடி வெட்டுகிறவர் என் தலையில் கை வைத்த உடனே கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? "தம்பி வில்லாபுரமா, அவனியாபுரமா?"

அவர் கேட்கும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சரி, பேச்சியின் தலைக்கு ஏன் திடீரென்று இந்த உபசாரம்? மறுநாள் சனிக்கிழமை, பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருகிறார்கள். பெண் என் அண்ணனுக்கு.

அண்ணன் பெயர் சோலை. முப்பதைத் தொடப் போகிறவர். எங்கள் அய்யா காலமான பிறகு நிலம், மாடு, ஆத்தா, பேச்சி, நான் என்று இந்த வரிசையில் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிறவர் அவர்தான். வாய் திறக்க மாட்டார். அவர் பங்கையும் சேர்த்து நான் பேசிவிடுவதால் வீட்டில் யாருக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு இதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப் போனது. இரண்டும் தண்ணீரால்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குக் காதில் கடுக்கன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் கிணற்றில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். "உப்புத் தண்ணி ஊருக்குப் பொண்ணு குடுத்தா அது நல்ல தண்ணி சுமந்தே தேஞ்சு போகும்" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். இன்னொரு வீட்டில், "பொண்ணு தலை வழுக்கையாப் போகும்" என்றார்கள். அண்ணன் இரண்டையும் கேட்டுக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

மூன்றாவதாக வந்த இடம்தான் சோழவந்தான் பக்கம். பெண் பெயர் பவளம்.

அது வாய்க்கால் ஓடுகிற ஊர். கிணற்றை எட்டிப் பார்த்தாலே நாக்கு இனிக்கும். பெண் பார்க்கப் போன அன்று பவளத்தின் பின்னலைப் பார்த்து எங்கள் பேச்சி வாயைப் பிளந்தாள். முழங்கால் மடிப்பைத் தொடுகிற பின்னல், பட்டுநூல் மாதிரி. அண்ணன் பின்னலைப் பார்த்தாரா, முகத்தைப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் கேட்டார். அவள் ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்தார். மூன்றாவது செம்பு கேட்டதும் நான் அவர் தொடையைக் கிள்ளினேன்.

"அண்ணே, பொண்ணு பார்க்க வந்தோமா, கிணறு இறைக்க வந்தோமா?"

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பவளமும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு ஆத்தாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"உங்க ஊருல தண்ணி எப்படி அத்தை?"

கேட்கும்போது அவள் கண் ஒரு கணம் அண்ணன் தலையில் நின்றுவிட்டுப் போனதை நான் கவனித்தேன். ஓகோ, கிராப்பு பிடித்துப் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூணாவது பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் புத்தி அவ்வளவுதானே எட்டும்?

அண்ணன் வாயைத் திறந்தார். ஆமாம், திறந்தார்! நான் பார்த்தேன். ஆனால் ஆத்தா முந்திக்கொண்டாள்.

"தண்ணியா தாயி? எங்க கிணத்துத் தண்ணி இளநியாட்டம் இருக்கும்."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டார், "ஏன் ஆத்தா அப்படிச் சொன்ன?"

"பின்ன என்னடா சொல்லச் சொல்ற? ரெண்டு எடம் போனது பத்தாதா? கட்டிட்டு வந்துட்டா எல்லாம் பழகிரும். எனக்குப் பழகலையா?"

ஆத்தாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அவள் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். ஆனால் அந்த ஒன்றைக் காப்பாற்ற மற்ற தொள்ளாயிரத்துச் சொச்சமும் தேவைப்படும் போலிருந்ததே, அதுதான் சங்கடம்.

ஆகவே வெள்ளிக்கிழமை பிற்பகல் நான் மாட்டைப் பூட்டினேன். வண்டி நிறைய அண்டாவும் குடமும். "வாரியாண்ணே?" என்று கூப்பிட்டேன். அண்ணன் அண்டாக்களைப் பார்த்தார். "வேணாம்டா" என்றார். வண்டியில் ஏற வேண்டாம் என்கிறாரா, வண்டியே போக வேண்டாம் என்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அவர் வயலுக்குப் போய்விட்டார்.

மாசி மாதத்து வைகையில் எங்கே தண்ணீர் ஓடுகிறது? மணலைத் தோண்டி, ஊற்று எடுத்து, கொட்டாங்கச்சியால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்ப வேண்டும். பக்கத்து ஊற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, பொம்பளை இல்லாத வீடா? ஆம்பளை வந்து தண்ணி எடுக்கிற?" என்றாள்.

"பொம்பளை வரணும்னுதான்க்கா எடுக்கிறேன்!"

குடம் தளும்பாமல் இருக்க மேலே வேப்பிலைக் கொத்துப் போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டி வந்தேன். ஒரு திருட்டு வேலைக்கு இத்தனை சந்தோஷமாக யாரும் போய்வந்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் ஆத்தா சும்மா இருக்கவில்லை. வெள்ளை படிந்த பானைகளையெல்லாம் வைக்கோல் படப்புக்குள் ஒளித்துவிட்டாள். செம்புகளைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்து மின்ன வைத்துவிட்டாள். கிணற்றின் மேல் ஓலைத் தட்டியைப் போட்டு மூடி, கயிற்றையும் வாளியையும் எடுத்து மாட்டுத் தொழுவத்தில் சொருகிவிட்டாள். பேச்சியின் தலையை நல்ல தண்ணீரில் அலசி, மறுநாள் காலையில் கால் படி நல்லெண்ணெயைத் தடவி வழித்துப் பின்னினாள். பேச்சி தலை பளபளவென்று... ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும்.

சனிக்கிழமை ஜட்கா வந்து நின்றது. இறங்கியவர்கள் இரண்டே பேர். பவளத்தின் அப்பா ஒருவர், அவருடைய கூடப்பிறந்த தங்கை ஒருத்தி. பவளத்துக்கு அத்தை. செல்லத்தாயி என்று பெயர். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், சிரித்த முகம். கையில் ஒரு துணிப்பை. அதை ஆத்தா வாங்கி வைக்கப் போனபோது கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஆத்தா தண்ணீர் கொடுத்தாள். அத்தை ஒரு மடக்கு குடித்தாள். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினாள்.

"இது உங்க கிணத்துத் தண்ணியா மதனி?"

"ஆமா மதனி. வேற எங்க போவோம்?"

"கிணத்தை ஒரு எட்டு பார்க்கலாமா?"

"கயிறு அறுந்து போச்சு மதனி. மூடி வச்சிருக்கு."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "கயிறு அறுந்ததுல இருந்து கிணத்துக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்ல அத்தை" என்றேன்.

"இந்த மாப்ளைக்கு வாய் ரொம்ப நீளமா இருக்கே" என்று அத்தை சிரித்தாள். ஆனால் கண் ஆத்தா முகத்திலேயே இருந்தது.

மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் போனது. பவளத்தின் அப்பாவும் அண்ணனும் தொழுவத்தில் நின்று மாட்டின் சுழியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன அதிசயம்! அண்ணன் முழு வாக்கியமாகப் பேசினார். சாப்பாடு ஆயிற்று. நல்ல தண்ணீரில் வெந்த பருப்பு, வெண்ணெயாகக் கரைந்தது. "என் வீட்டு மாப்ளைன்னே வச்சுக்கங்க" என்று அவர் ஆத்தாவிடம் சொன்னபோது ஆத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளம்புகிற நேரம். வீட்டில் கல்யாணமாகாத பெண் பிள்ளை இருந்தால் தலையில் பூ வைத்துவிட்டுப் போவது வழக்கம் அல்லவா? அத்தை பையைத் திறந்து மல்லிகைச் சரத்தை எடுத்தாள். கூடவே ஒரு சின்னத் துணி மூட்டை எட்டிப் பார்த்தது. அதைத் திரும்ப உள்ளே தள்ளினாள்.

"வா தாயி, பூ வச்சு விடுறேன்."

பேச்சி போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அத்தை பூவைச் செருகப் பின்னலுக்குள் விரலை விட்டாள். விரல் அப்படியே நின்றது. எண்ணெய் மேலேதான். உள்ளே தேங்காய் நார்! ஒரு நாள் ரசம் எத்தனை வருஷத்து உப்பைக் கரைக்கும்?

"பின்னல் தளர்ந்திருக்கு. ஒரு சீப்பு எடுத்தா தாயி."

பேச்சி துள்ளிக்கொண்டு போய் மாடத்தில் இருந்த மரச்சீப்பை எடுத்துவந்து கொடுத்தாள்.

பானையை ஒளித்தோம். கயிற்றை ஒளித்தோம். கிணற்றையே ஒளித்தோம் ஐயா... சீப்பை மறந்துவிட்டோம்.

அத்தை சீப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் வெள்ளை வெள்ளையாக அடைத்திருந்தது. கட்டை விரல் நகத்தால் சுரண்டினாள். மடியில் பொடி உதிர்ந்தது.

"வெத்தலைக்குச் சுண்ணாம்பு எங்கன்னு தேடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "இதுலயே இம்புட்டு இருக்கே மதனி."

பவளத்தின் அப்பா சீப்பைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த அண்டாவைப் பார்த்தார். அதில் வேப்பிலைக் கொத்து இன்னும் மிதந்துகொண்டிருந்தது. எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கு வேப்பிலை போடுகிறார்கள்?

அத்தை கோபிக்கவில்லை. ஆத்தா பக்கம் திரும்பி, கெஞ்சுகிற மாதிரி ஒரு குரலில் கேட்டாள், "தண்ணி எப்படி மதனி?"

ஆத்தா வாயைத் திறந்தாள். "இளநி..." என்று ஆரம்பித்தாள்.

"உப்புத் தண்ணிதான் அத்தை."

சொன்னது அண்ணன். தொழுவத்துப் பக்கத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். "குடிக்கவே முடியாது. இது வைகைத் தண்ணி. நேத்து வண்டியில கொண்டாந்தது."

பவளத்தின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உப்புன்னு சொல்லியிருந்தா, உப்புன்னு தெரிஞ்சே குடுத்திருப்போம்" என்றார். சத்தம் போடவில்லை. "தண்ணியிலயே இம்புட்டுன்னா... மத்ததுல எம்புட்டோ?"

அண்ணன் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "போறோம்" என்றார்.

கவனித்தீர்களா? நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய சண்டையானாலும் "போயிட்டு வாரோம்" என்றுதான் சொல்லிக்கொண்டு கிளம்புவோம். சாவு வீட்டில்தான் வாரேன் என்று சொல்ல மாட்டோம். அவர் "போறோம்" என்றார்.

அவர் ஜட்காவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அத்தை மட்டும் பின்தங்கினாள். பையிலிருந்து அந்தத் துணி மூட்டையை எடுத்துப் பேச்சி கையில் வைத்தாள். சீயக்காய் வாசனையும் எலுமிச்சை வாசனையும் கலந்து வந்தது.

"பவளம் குடுத்துவிட்டுச்சு தாயி. சீயக்காயும், காஞ்ச எலுமிச்சந்தோலும், வெந்தயமும் போட்டு இடிச்சது. உப்புத் தண்ணித் தலைக்கு இதுதான் ஆகும். கரைக்கிறப்போ வடிச்ச கஞ்சி ஊத்திக் கரைக்கணும். நான் வாக்கப்பட்டது அருப்புக்கோட்டைப் பக்கம். இந்தத் தண்ணியில தலைமுழுகித்தான் நான் கிழவியானேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உப்புத் தண்ணின்னு பவளத்துக்கு எப்படி அத்தை...?"

"உங்கண்ணன் தலையை அன்னைக்கே பார்த்திருச்சு மாப்ள. அவுக கிளம்பின உடனே என்கிட்ட வந்து, 'அந்த ஊரு உப்புத் தண்ணிதான் அத்தை, நான் இருந்துக்கிருவேன், முடிக்கு மட்டும் என்ன பண்றதுன்னு சொல்லிக்குடு'ன்னு கேட்டுச்சு. அதுவே காயவச்சு, அதுவே இடிச்சுச்சு."

பிறகு ஆத்தாவிடம் சொன்னாள்: "வந்ததுல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தேனே மதனி. ஒரு வார்த்தை சொல்லுவீங்க, இந்த மூட்டையை அவுத்து உங்க மடியில வைக்கலாம்னு பார்த்தேனே..."

"இப்ப உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா மதனி?" ஆத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை ஜட்காவைத் திரும்பிப் பார்த்தாள். முடியாது என்று தலையை ஆட்டினாள். போய்விட்டாள்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆத்தா படப்பிலிருந்து பானைகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தாள். அண்ணன் தொழுவத்திலிருந்து கயிற்றை எடுத்து உருளையில் கோத்தார்.

எங்கள் ஊரில் பெண் வீட்டார் வருகிற அன்று பக்கத்து வீட்டு மாட்டைக் கொண்டுவந்து நம் தொழுவத்தில் கட்டுவார்கள். மாமன் கைக் கடிகாரத்தை மாப்பிள்ளை கையில் கட்டுவார்கள். மாட்டையும் கடிகாரத்தையும் மறுநாள் அவிழ்த்துக் கொடுத்துவிடலாம். ஆனால் தினம் தினம் தலையில் ஊற்றிக்கொள்கிற தண்ணீரை எப்படி ஐயா இரவல் வாங்குவது? நாங்கள் ஒரு பெண்ணைத்தானே ஏமாற்றப் பார்த்தோம்... அவள்தான் ஏமாறவே இல்லையே. தெரிந்துகொண்டே வரத் தயாராக இருந்தவளை, தெரியக்கூடாது என்று நாங்களே வண்டி கட்டித் துரத்திவிட்டோம். வண்டி ஓட்டியவன் பாட்டு வேறு பாடினான்.

செவ்வாய்க்கிழமை பேச்சி அந்தப் பொடியைக் கஞ்சியில் கரைத்துத் தலைக்குக் குளித்தாள். எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரில்தான். அண்ணன் இறைத்து இறைத்து ஊற்றினார். வெயிலில் உலர்த்தியபோது பேச்சியின் முடி காற்றில் பறந்தது. எங்கள் வீட்டில் முடி பறந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆத்தா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் சொன்னார், "அந்தப் பொண்ணு கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும்டா."

நான் வாளியை எடுத்துக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தேன்.

நேற்று வெற்றிலைக்கட்டு கொண்டுவருகிறவர் மூலமாகச் சோழவந்தான் சேதி வந்தது. பவளத்துக்கு வேறு இடம் பார்க்கிறார்களாம். நல்ல தண்ணீர் ஊராம்.

அண்ணன் கேட்டுக்கொண்டார். மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார்.

வண்டியில் கொண்டுவந்த தண்ணீர் ஓர் அண்டா இன்னும் மிச்சம் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் அதை எடுத்துக் குடிக்க மனசு வரவில்லை.

அண்ணனுக்கு இன்னொரு இடம் வரும் என்று ஆத்தா நம்புகிறாள். வரட்டும். பேச்சியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன் — சீப்பைக் கழுவாதே, வாசல் நிலையில் தொங்கவிடு.